இரண்டாம் இருக்கை வீண் இருக்கையா?

"விமானத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம் கை வைத்தால் போதும். அதற்கு எதற்கு இரண்டு பேர்?" பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தக் கேள்வி காதில் விழாத டீக்கடை குறைவு. ஏனாத்தூரில் பல்கலைக்கழக மாணவர்களும் கேட்கிறார்கள், நிலத்துக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போடும் பெரியவர்களும் கேட்கிறார்கள். (விமான நிலையமே வேண்டாம் என்று ஏகனாபுரத்தார் போராடுவது தனி வழக்கு. அதை இங்கே இழுக்கவில்லை.)

கேள்வி கேட்பவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நெடுந்தூர விமானத்தின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள்: இரண்டு விமானிகள், ஒரு பிளைட் இன்ஜினீயர், வழி கணிக்கும் நேவிகேட்டர், ஒரு ரேடியோ ஆபரேட்டர். ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள். விமானப் பயணம் ஆபத்தானதாக மாறவில்லை, பாதுகாப்பானதாகத்தான் மாறியது. அப்படியானால் இரண்டு ஒன்றாவது இயல்பான அடுத்த படி. இது முதல் வாதம். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன் ஒவ்வொரு முறையும் செக்லிஸ்ட் எனும் சரிபார்ப்புப் பட்டியல் அட்டையைப் பார்த்து "பிளாப்?" "ஐந்து" என்று ஒப்பிப்பது வெறும் சடங்கு, திறமையை அவமதிப்பது. இது இரண்டாவது. மூன்றாவது கூர்மையானது: பெரிய விபத்துகள் எல்லாவற்றிலும் இரண்டு பேர் இருந்தார்களே, என்ன பயன்?

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையே நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒரே ஒரு விமானியை இருக்கையில் வைத்து, மற்றவரைத் தூங்க அனுப்பலாமா என்று ஆராய்ச்சி நடத்தியது. விமானம் கட்டும் நிறுவனங்களுக்கும் அதை ஓட்டும் நிறுவனங்களுக்கும் அதில் ஆர்வம் உண்டு. டீக்கடைக் கருத்துக்கும் தொழிற்சாலைக் கருத்துக்கும் இடைவெளி அதிகமில்லை என்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

1. கம்ப்யூட்டர் ஓட்டவில்லை, கீழ்ப்படிகிறது.

ஆட்டோபைலட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாது. எந்த உயரம், எந்தத் திசை, எந்த வேகம், எந்த முறையில் இறங்குவது என்று மனிதர் சொன்னதை அது பிசகாமல் செய்யும். சொன்னது தவறென்றால் தவறையும் பிசகாமல் செய்யும்.

1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அன்றைய உலகின் மிக நவீன விமானங்களில் ஒன்றான ஏர்பஸ் ஏ320. வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தரையிறங்கும் கட்டத்தில் அது இருந்த இயக்க முறை, எஞ்சினைச் சும்மா சுழலும் நிலைக்குக் கொண்டுபோய் உயரத்தைக் குறைக்கும் முறை. வேகத்தைக் காப்பாற்றுவது அந்த முறையின் வேலை அல்ல. வேகம் குறைந்துகொண்டே போனது. முன்னால் இருந்த இருவரும் அதை உணர்ந்து விசையைத் தள்ளியபோது எஞ்சின் வேகம் பிடிக்க நேரம் போதவில்லை. ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். பறக்கக்கூடிய விமானம் அது. கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதைவிட எளிய உதாரணம் 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் நடந்தது. துபாய் புறப்பட்ட எமிரேட்ஸ் விமானத்தின் எடை 362.9 டன். கணினியில் தட்டியது 262.9. ஒரே ஓர் இலக்கம். நூறு டன் குறைந்த விமானத்துக்கு எவ்வளவு விசை வேண்டும், எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்று கணினி துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசி, பாதை முடிந்தும் ஓடி, விளக்குகளையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு ஒருவழியாக எழும்பியது. 275 பேர் தப்பினார்கள். அந்த எண்ணைப் பார்த்து "இது நம் விமானமா?" என்று கேட்கக்கூடியது கணினி அல்ல, பக்கத்து இருக்கை. அன்று பக்கத்து இருக்கையும் கேட்கவில்லை. அதற்கு வருகிறேன்.

2. ஐந்து இரண்டானதும் இரண்டு ஒன்றாவதும் ஒரே கணக்கல்ல.

ரேடியோ ஆபரேட்டர் போனார், ஏனெனில் அவர் செய்த வேலையை நல்ல ரேடியோ செய்தது. நேவிகேட்டர் போனார், ஏனெனில் வழி கணிக்கும் கருவி வந்தது. எரிபொருள், அழுத்தம், மின்சாரம் என்று பிளைட் இன்ஜினீயர் பார்த்துக்கொண்டிருந்த மானிகளைக் கணினி பார்க்கத் தொடங்கியதும் அவரும் போனார். மூன்று பேரும் விட்டுப்போன வேலைகளை எந்திரம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது விமானியின் வேலை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. முன்னறையில் நடக்கும் பங்கீட்டைப் பாருங்கள். ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர். கேப்டன்தான் எப்போதும் ஓட்டுவார் என்பது நம் கற்பனை. போகும்போது அவர், திரும்பும்போது துணை விமானி என்று மாறி மாறி ஓட்டுவதே வழக்கம். இறுதிப் பொறுப்பு மட்டும் மாறாமல் கேப்டனிடம் இருக்கும். ஓட்டுபவரின் கவனம் பாதையிலும் வேகத்திலும் உயரத்திலும் இருக்க, கண்காணிப்பவர் ரேடியோவில் பேசுகிறார், சொன்னதும் சக்கரத்தையும், இறக்கையிலிருந்து இறங்கும் பலகையான பிளாப்பையும் இயக்குகிறார், பட்டியலை வாசிக்கிறார். இவற்றையெல்லாம் நாளை எந்திரம் செய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய மையமான வேலை, ஓட்டுபவரைக் கவனிப்பது. ஓடுபாதையில் குறித்த வேகம் வந்ததும் ஒருவர் அறிவிக்க மற்றவர் தன் மானியைப் பார்த்துச் சரி என்கிறாரே, அது இரண்டு மானிகளை ஒப்பிடுவது மட்டுமல்ல. எதிரில் இருக்கும் மனிதர் விழிப்போடு, சுயநினைவோடு இருக்கிறார் என்பதற்கான சோதனையும்கூட. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதும் விதியிலேயே இருக்கிறது.

ஆகவே ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்தபோது ஆட்கள் குறைந்தார்கள், கண்காணிப்பு நீடித்தது. இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போனால் குறைவது ஒரு ஆள் அல்ல. கண்காணிப்பே பூஜ்யமாகிறது.

3. அனுபவம் மறதிக்கு மருந்தல்ல, சில நேரம் அதுவே காரணம்.

முதல் முறை செய்பவர் எதையும் மறப்பதில்லை, பயத்திலேயே எல்லாவற்றையும் பார்ப்பார். பத்தாயிரம் முறை செய்தவரின் மூளை, செய்யாததையும் செய்துவிட்டதாக நினைவு வைத்திருக்கும். நேற்றுச் செய்தது இன்று செய்ததாகத் தோன்றும்.

செக்லிஸ்ட் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் களத்தில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம், மாடல் 299, எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அமெரிக்க ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானிகளில் ஒருவர். தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அந்த விமானத்தை ஓட்ட இன்னும் திறமையான ஆளைத் தேடவில்லை. திறமையான ஆளே மறந்திருக்கிறார் என்பதைப் புரிந்துகொண்டு பட்டியல் எழுதினார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 பிளாப்பை இறக்காமலே புறப்பட்டது. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் இறந்தார்கள். பிழைத்தது நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் 5022, அதே பிழை, 154 சாவு. மாட்ரிட் விமானம் முதலில் புறப்படக் கிளம்பி, ஒரு சிறு கோளாறுக்காகத் திரும்பி வந்து, மறுபடி கிளம்பியது. வழக்கமான ஓட்டம் அறுபட்டால் பட்டியலின் ஒரு வரி நழுவும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் எச்சரிக்காதா?" என்று கேட்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு விமானங்களிலும் பிளாப் இல்லாமல் புறப்பட்டால் அலறும் கருவி இருந்தது. இரண்டிலும் அது அலறவில்லை. எந்திரம் எச்சரிக்கும் என்று மனிதர் விட்டுவிட, எந்திரமும் விட்டுவிட்ட இடத்தில் நிற்கக்கூடியது வாய்விட்டு வாசிக்கப்படும் அந்த ஒற்றை வரிதான்.

சிலர் 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தைக் காட்டி, கேப்டன் சல்லன்பெர்கர் பட்டியலைப் பார்க்காமலே துணை எஞ்சினை முடுக்கினாரே என்பார்கள். உண்மைதான். பறவைகள் மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட 208 விநாடிகள். பட்டியலோ மிக உயரத்தில் எஞ்சின்கள் நிற்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, முடிக்க நேரமில்லை. ஆனால் அவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? புறப்படும்போது ஓட்டியவர் துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ். கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கியதும் பட்டியலை எடுத்துக்கொண்டு எஞ்சினை மீட்க முயன்றவரும் அவரே. ஒருவர் பட்டியலைச் சுமந்ததால்தான் மற்றவர் ஆற்றைப் பார்க்க முடிந்தது. சினிமா வந்தது சல்லன்பெர்கர் பெயரில்.

4. "இரண்டு பேர் இருந்தும் விபத்து நடந்ததே" என்பது கணக்குப் பிழை.

இருவரும் கோட்டை விட்ட நாள் செய்தியாகிறது. ஒருவர் தவறிய எண்ணை மற்றவர் திருத்திய நாள் செய்தியாவதில்லை. "உயரம் பத்தாயிரம் என்றார்கள், நீங்கள் பதினொன்று வைத்திருக்கிறீர்கள்" என்ற ஒரு வாக்கியம் உலகின் ஏதோ ஒரு முன்னறையில் இப்போதும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும். அதற்கு விசாரணை அறிக்கை கிடையாது. விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாமவரின் பயனை அளப்பவர்கள், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை மட்டும் எண்ணி வைத்தியமே வீண் என்பவர்கள்.

மெல்போர்னில் பக்கத்து இருக்கை கேட்கவில்லை என்றேன். 2018 அக்டோபர் 12 அதிகாலையில் திருச்சியிலும் அப்படித்தான். துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் புறப்படும் ஓட்டத்தில் இருக்கும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்தது. கை இழுபட்டு எஞ்சின் விசையும் குறைந்தது. விசை எவ்வளவு இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. ஓடுபாதை தாண்டி ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு, 136 பேரோடு பறந்துபோய், மும்பைக்குத் திருப்பப்பட்டு இறங்கியது. இந்தச் சம்பவம் சொல்வது கண்காணிப்பவர் வேண்டாம் என்றா, அல்லது கண்காணிப்பவர் கண்காணிக்க வேண்டும் என்றா? பூட்டைப் பூட்ட மறந்த வீட்டில் திருட்டு நடந்தால் பூட்டு வேண்டாம் என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

5. துணை விமானி எடுபிடி என்ற நினைப்புதான் ஆளைக் கொன்றது.

இதுதான் என் முதன்மையான ஆட்சேபம். மேலே சொன்ன கருத்துகள் அறியாமை, இது தீங்கு.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் தூங்கியிருந்தார். குறட்டை ஒலி முன்னறைப் பதிவில் இருந்தது. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. துணை விமானி இறங்காமல் மறுபடி மேலே போகச் சொல்லி மூன்று முறை குரல் கொடுத்தார். கருவியும் எச்சரித்தது. கேப்டன் கேட்கவில்லை. மேசைபோல் வெட்டிய மலை உச்சி ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோட்டில் இறங்க வந்த இன்னொரு விமானம். மழை, பின்காற்று, கேப்டன் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் கோளாறு. 8,858 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அங்கும் துணை விமானி மேலே போகச் சொன்னார், அங்கும் விமானம் இறங்கியது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் விமானப்படையில் புகழ்பெற்றவர், திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை.

இந்த இரண்டையும் வைத்து, "பார்த்தீர்களா, துணை விமானி கத்தியும் பயனில்லை" என்கிறார்கள். நான் அதே இரண்டையும் வைத்து எதிரானதைச் சொல்கிறேன். இரண்டு முறையும் இரண்டாவது ஜோடிக் கண்கள் சரியாகப் பார்த்தன. சரியான நேரத்தில் சரியான வார்த்தையைச் சொன்னது வாய். தவறியது அதற்குப் பின். கோழிக்கோடு அறிக்கை இதைத் தயக்கமின்றி எழுதியது: மேலே போகச் சொல்லியும் இறக்கிய கேப்டனின் விதிமீறல் ஒரு காரணம், கண்காணித்தவர் கட்டுப்பாட்டைத் தானே எடுத்து மேலே கொண்டுபோகாதது இன்னொரு காரணம். இறந்துபோன ஒரு இளைஞரின் மீது இது கடுமையான வாக்கியம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் கொள்கையைப் பாருங்கள். சொல்வதோடு அவர் கடமை முடிவதில்லை. தேவைப்பட்டால் பிடுங்க வேண்டும். எடுபிடிக்கு யாரும் அந்தக் கடமையைக் கொடுப்பதில்லை.

பிடுங்க ஏன் முடியவில்லை என்று கேட்டால் நம் வீடுகளில் விடை இருக்கிறது. பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கிறோம். வாத்தியார் கணக்கில் தப்பு விட்டால் கையைத் தூக்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்கிறோம். அதிகாரிக்கு முன்னால் "சார், ஒரு சந்தேகம்" என்று நெளிகிறோம்; "சார், தப்பு" என்பதில்லை. அந்தப் பிள்ளையே பிற்பாடு சீருடை போட்டுக்கொண்டு இடது இருக்கையில் இருக்கும் மூத்தவரின் கையிலிருந்து விமானத்தை வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நம் நாட்டுக்கு மட்டுமான நோயும் அல்ல. 1977இல் டெனரீஃபில் 583 பேர் இறந்த விபத்தில், எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையில் இருக்குமோ என்ற சந்தேகத்தை டச்சு விமானத்தின் பிளைட் இன்ஜினீயர் எழுப்பினார். புகழ்பெற்ற கேப்டன் அதைத் தள்ளிவிட்டு ஓட்டினார்.

இரண்டாமவர் வெறும் உதவியாள், பழகுநர், அலங்காரம் என்று நாம் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தத் தயக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். சிகிச்சை அந்த இருக்கையை நீக்குவதல்ல, அதற்கு அதிகாரம் கொடுப்பது.

6. சரிபார்ப்பது சந்தேகப்படுவதல்ல.

மூத்த கேப்டனை அட்டை வைத்துக் கேள்வி கேட்பது அவமதிப்பு என்பவர்கள் ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வரட்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் அந்த ஊர்ச் சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. ஏரி வாரியம் தனி, தோட்ட வாரியம் தனி, பொன் வாரியம் தனி என்று வேலைப் பங்கீடு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினர்களுக்கும் மறுபடி இடமில்லை. முப்பத்தைந்து வயதுக்குமேல், சொந்த நிலமும் வீடும் உள்ள, படித்த, நல்லவர் என்று ஊர் ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் இவ்வளவு கட்டுப்பாடும். அவர்களை யாரும் திருடர் என்று நினைக்கவில்லை. நல்லவரும் தவறுவார், தவறினால் ஏரி உடையும் என்று தெரிந்திருந்தது. அந்த மண்ணில் உட்கார்ந்து கொண்டு, திறமைசாலியைச் சோதிக்கக் கூடாது என்று பேசுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

7. கதாநாயகக் கதையும் இதே பிழையின் மறுபக்கம்.

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் 140 பயணிகளோடு இரண்டரை மணி நேரம் வட்டமடித்துப் பத்திரமாக இறங்கியது. தமிழ்நாடே டிவி முன் உட்கார்ந்திருந்தது. மறுநாள் முழுக்க "விமானியின் சாதுரியம்". அந்த இரண்டரை மணி நேரத்தில் மேலே என்ன நடந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. எடையைக் குறைக்க எரித்தே தீர்க்க வேண்டும். இப்படியொரு கோளாறில் ஒருவர் ஓட்ட, மற்றவர் கோளாறுக்கான பட்டியலை எடுத்து வரிவரியாக வாசிப்பார். எது வேலை செய்கிறது, எது செய்யாது, பிரேக் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு நீள ஓடுபாதை வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். தரையோடு பேச்சு, பயணிகளுக்கு அறிவிப்பு. பரபரப்பு இல்லாத, அலுப்பூட்டும் வேலை. அலுப்பாக இருந்ததால்தான் இறங்கியது.

2010இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் 32இன் எஞ்சின் வெடித்தபோது முன்னறையில் தற்செயலாக ஐந்து விமானிகள் இருந்தார்கள். கணினி கொட்டிய எச்சரிக்கைகளுக்கான பட்டியல்களை முடிக்க அவர்களுக்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆனது. ஒற்றை விமானியை அங்கே வைத்துப் பாருங்கள்.

8. மிச்சமாகும் சம்பளம் யாருக்குப் போகும்?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 2025 டிசம்பரில், விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிக்குத் தயாராகாத ஒரு பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ததை நாடு பார்த்தது. ஆளைக் குறைத்து ஓட்டும் ஆசை பயணியின் நன்மையிலிருந்து பிறப்பதில்லை.

கடைசியாக, விமானியின் உடம்பு. 2024 பிப்ரவரி 17, பிராங்பர்ட்டிலிருந்து செவில் நோக்கிப் போன லுப்தான்சா ஏ321. கேப்டன் கழிப்பறைக்குப் போனார். தனியாக இருந்த துணை விமானி நினைவிழந்தார். சுமார் 200 பேர் இருந்த விமானம் பத்து நிமிடம் யாரும் ஓட்டாமல் பறந்தது. ஒற்றை விமானிக் கட்சிக்காரர்கள் இதை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார்கள்: ஆட்டோபைலட் பார்த்துக்கொண்டதே! பார்த்துக்கொண்டது, நேராகப் பறப்பதை. அது போதாது: முதலில் சொன்ன ஐரோப்பிய முகமையின் ஆய்வு 2025இல் முடிந்தபோது, ஒற்றை விமானி முறைக்கு இன்றைய இருவர் முறைக்கு ஈடான பாதுகாப்பைப் போதிய அளவு நிரூபிக்க முடியவில்லை என்றே முடிவு சொன்னது. அந்த லுப்தான்சா விமானத்தின் கேப்டன் முன்னறைக் கதவைத் திறக்கும் வழக்கமான எண்ணைப் பலமுறை அழுத்தினார், பணிப்பெண் உள்தொலைபேசியில் கூப்பிட்டார், பதிலில்லை. பிறகு அவசரக்கால எண்ணை அழுத்தினார். கதவு தானாகத் திறப்பதற்குள், ஓரளவு தெளிந்த துணை விமானியே உள்ளிருந்து திறந்தார். கேப்டன் அவர் நிலையைப் பார்த்துவிட்டு விமானத்தை மாட்ரிட்டுக்குத் திருப்பினார். அங்கே அதை இறக்கியவர், அன்று முன்னறையில் இருந்த இரண்டாவது மனிதர்.